வெள்ளிக்கிழமை மாலை வரும் தொலைபேசி அழைப்பு

எங்கள் ஊரில் கடல் இல்லை. பாலாறு இருக்கிறது, ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கிறது. வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது. அது பார்ப்பதற்கு உரிய நீர், நீந்துவதற்கு உரியதன்று. 1989-இல் ஒருமுறையும் 2019-இல் மறுபடியும் மாவட்டம் பிரிந்த பின்னும் என் அப்பா வயதுக்காரர்கள் வட ஆற்காடு என்றே சொல்லிவரும் இந்தப் பக்கத்தில், ஆழமான தண்ணீர் என்றால் அது கிணறுதான்.

நான் நீந்தக் கற்றதும் கிணற்றில்தான். சித்தப்பா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார். ஒரு கோடை விடுமுறைக்குள் குடுக்கை தேவைப்படாமல் போயிற்று. அந்தக் கிணற்றில் மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால் அடைத்துக்கொண்டால் மூழ்கிச் சரிசெய்வதற்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வருவார். வந்ததும் அவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார். முதலில் எங்களைக் கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள், உள்ளே கம்பியோ முள்ளோ விழுந்திருக்கிறதா, மேலே கயிற்றைப் பிடிக்கப் போவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகு, மோட்டார் கொட்டகைக்குப் போய் ஃபியூஸ் கேரியரைத் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்து, தன் சட்டையில் சுருட்டிக் கிணற்று மேட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். சளி பிடித்திருக்கும் நாளில் எவ்வளவு கூலி கொடுத்தாலும் இறங்க மாட்டார். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் காத்திருப்பது அப்பாவுக்குக் கடினமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் வேறு ஆளைத் தேடியதில்லை.

காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா டைவிங்கைப் பற்றி எழுதும்போது அவரை ஏன் நினைக்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

நான் இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்ரசர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 2016 முதல் ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது கடலில் மூழ்கி வருகிறேன். ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போவதற்கு 130 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சென்னைக் கடற்கரையும் ஏறத்தாழ அதே தூரந்தான். ஆக, பயிற்சியாளரோடு கடலில் இறக்கிவிடும் 'உள்ளூர் டைவிங் கடை' என்பது எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் கடை. தொழிற்சாலை நண்பர்கள், மனைவியின் அலுவலகத் தோழிகள், கல்லூரியில் படிக்கும் தெருப்பிள்ளைகள் என்று பலரும் எந்தக் கடைக்குப் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எவ்வளவு ஆகும் என்பதும் வீடியோ எடுத்துத் தருவார்களா என்பதும்தான் அவர்களுடைய முதல் இரண்டு கேள்விகள். அவற்றுக்கு நான் பதில் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கடலைப் பார்த்தால் தெரியும். காலையில் எழுந்து அலையின் நிறத்தையும் காற்று வரும் திசையையும் பார்த்தே இன்று போகலாமா கூடாதா என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தக் கண் இல்லை. நாங்கள் பார்க்கும்போது கடல் எப்போதும் நீலமாகத்தான் இருக்கிறது, எப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் கடலைக் கடையின் கண்ணால்தான் பார்க்கிறோம். கடை சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு ஆதாரம் கிடையாது. எனவே உள்நாட்டிலிருந்து போகும் வாடிக்கையாளன் காசு கொடுத்து வாங்குவது சிலிண்டரில் அடைத்த காற்றை மட்டுமன்று, அந்தக் கடையின் சொல்லையும் சேர்த்துத்தான். இதை நான் ஒரு கெட்ட அனுபவத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

2018-இல் என் அக்கா மகனை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது 19 வயது. நான் அதுவரை இரண்டு முறை போயிருந்த ஒரு கடையில் இருவருக்கும் முன்பணம் கட்டியிருந்தேன். அவனுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்று தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருந்தது. இன்னொரு நாள் வரலாமா என்று கேட்டேன். பணம் கட்டியாகிவிட்டது, வந்ததற்கு இறங்கிவிடுங்கள் என்றார்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது அவன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டியதை நான் பார்த்தேன். அவனை அழைத்துச் சென்றவர் ஒரு கணம் நின்றார், பிறகு அவனுடைய சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே போனார். நான்கு மீட்டர் கூட இருக்காது. அவன் உதறிக்கொண்டு மேலே வந்தான். கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த மாஸ்க்கைக் கழற்றியபோது அதற்குள் இளஞ்சிவப்பாக நீர் தேங்கியிருந்தது.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மீது உள்ள அழுத்தம் இரட்டிப்பாகிறது. இதைப் படித்தவர்கள், ஆழம் போகப்போகத்தான் காதுக்கு ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் உடலுக்குள் உள்ள காற்றறைகளின் கொள்ளளவு மிக வேகமாக மாறுவது முதல் சில மீட்டர்களில்தான். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் மெல்லிய குழாய் சளியால் வீங்கியிருந்தால் அங்கே காற்று புகாது. வெளியிலிருந்து நீர் செவிப்பறையை உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்ய முடியாதபோது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல்வது, அதுவும் முடியாவிட்டால் திரும்பிவிடுவது. எங்கள் கிணற்றில் மூழ்கியவருக்கு இந்த விளக்கம் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் சளி பிடித்த நாளில் சைக்கிளைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலூரில் காது மருத்துவரிடம் காட்டினோம். செவிப்பறையில் இரத்தம் கட்டியிருந்தது; ஆறு வாரம் காதில் தண்ணீர் படக்கூடாது என்றார். மறுநாள் அந்தக் கடையிலிருந்து புகைப்படங்கள் வந்தன. காது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை. என் அக்கா அவனை அதன்பிறகு கடல் பக்கமே விடவில்லை. அவளிடம் எதிர்த்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது நான் போய்வரும் கடை வேறு. அதை நடத்துபவர்கள் கணவனும் மனைவியும், இருவரும் பயிற்சியாளர்கள். சனிக்கிழமைக்கு நான் பெயர் கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி வரும். முதல்முறை வந்த அழைப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணா, இன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தோம். அடியில தண்ணி கலங்கியிருக்கு, கையை நீட்டினா விரல் தெரியல. நாளைக்கு நீங்க வண்டி ஏற வேண்டாம்." நான் அப்போது இராணிப்பேட்டை முத்துக்கடையில் மறுநாள் பயணத்துக்குப் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பணம் என்ன ஆகும் என்று நான் கேட்பதற்கு முன்பே, அது அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொன்னார்.

இந்த ஓர் அழைப்பின் மதிப்பை உள்நாட்டில் இருப்பவன்தான் அறிவான். கடற்கரைக்காரருக்குப் பயணம் தள்ளிப்போனால் ஒரு காலைப்பொழுது போகும். எங்களுக்கு ஒரு நாள் விடுப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த களைப்பு, பெட்ரோல் செலவு, கூட வந்தவர்களின் முகவாட்டம் எல்லாம் சேர்ந்து போகும். அவ்வளவும் செலவழித்து வந்து சேர்ந்த பிறகு, கடல் சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிப் போவோம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. 2018-இல் நான் இறங்கியதற்குக் காரணம் அதுவே. அந்த மன நெருக்கடிக்குள் வாடிக்கையாளனைத் தள்ளாமல், அவன் வண்டி ஏறுவதற்கு முன்பே தடுத்து நிறுத்தும் கடைதான் அவனுடைய பாதுகாப்பைத் தொடங்கி வைக்கிறது என்று நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை அவர்கள் யாரிடமும் தேதியே வாங்குவதில்லை. பள்ளி விடுமுறைக் கூட்டம் வரும் நாட்களில் அதனால் எவ்வளவு வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து, அந்தப் படிவம். எல்லாக் கடைகளிலும் ஒரு படிவம் உண்டு. ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இதய நோய், காது அல்லது நுரையீரல் அறுவைச் சிகிச்சை, நீரிழிவு, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், கர்ப்பம் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது ஆங்கிலத்தில் அச்சடித்துக் கையெழுத்துக்காக மட்டும் நீட்டப்படும் தாள். இந்தக் கடையில் அந்த அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு, பதிலைத் தன் கையாலேயே குறித்துக்கொள்கிறார். இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார், ஏனென்றால் நண்பர்கள் முன்னால் யாரும் தன் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

2022 மார்ச்சில் என் அக்காவின் கணவர் என்னோடு வந்தார். அவருக்கு அப்போது 54 வயது. வாலாஜாபேட்டையில் நெல் வியாபாரம் செய்கிறார். மகனுக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. நான் மட்டும் ஏன் மறுபடி மறுபடி போகிறேன் என்று நேரில் பார்க்கவே அவர் வந்தார் என்பது எனக்குத் தெரியும். பார்க்க வந்தவருக்குக் கடைக்குப் போனதும் தாமும் இறங்கிப் பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. படிவத்துக்கு உட்கார்ந்தார். மூச்சிரைப்பு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றார். அந்த அம்மா பேனாவை நிறுத்தி அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் நீல நிற இன்ஹேலரின் மூடி தெரிந்தது.

"ஐயா, அது யாருடையது?"

"அது எப்பவாவது அடிக்கிறதும்மா. ஒரு மாசமா தொடவே இல்லை."

"அப்படின்னா உங்க டாக்டர்கிட்ட இந்தத் தாளைக் காட்டி, இறங்கலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க ஐயா. இன்னைக்கு முடியாது."

மாமா கேட்டுப் பார்த்தார், பிறகு கோபித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், நான் பொறுப்பு என்று எழுதித் தருகிறேன் என்றார். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. ஒரு வெற்றுத்தாளை எடுத்து நுரையீரலின் படத்தை வரைந்து காட்டினார். கீழே நாம் சுவாசிக்கும் காற்று அழுத்தமான காற்று, மேலே வரும்போது அது விரியும், விரியும் காற்று வெளியே போக வேண்டும், மூச்சுக்குழாய் சுருங்கி ஓரிடத்தில் அந்தக் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரல் கிழியும் என்று பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய பணத்தை முழுவதுமாக எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படகில் உட்கார்ந்து வருவதற்குக் கட்டணம் வேண்டாம், உங்கள் மைத்துனர் இறங்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மாமா படகுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது கடைத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நுரையீரல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வந்தவாசி தாண்டும் வரை அவர் பேசவில்லை.

இனி என் தொழிலோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் பதப்படுத்திய தோலுக்கு ஸ்ப்ரே துப்பாக்கியால் நிறமும் மெருகும் ஏற்றுகிறோம். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெய்த் துளி ஒன்று கலந்தாலும் தோலில் வட்டமாக ஒரு குழி விழும். அந்த இடத்தில் மெருகு பிடிக்காது. ஒரு நாளின் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். ஆகவே ஃபில்டரும் ஈரம் வடிக்கும் வால்வும் எங்களுக்குத் தினசரிக் கவலை. தோலுக்கே இவ்வளவு பார்க்கும்போது, மூச்சுக்குப் பயன்படும் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் எப்படியிருக்கும் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கம்ப்ரசரைக் காட்டுங்கள் என்று கேட்பேன். இரண்டு இடங்களில் மறுத்தார்கள். அங்கெல்லாம் நான் இறங்கவில்லை.

இந்தக் கடைக்காரர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காற்றை உள்ளிழுக்கும் குழாயைச் சுவரோடு ஏற்றி மாடிக்கு மேல் கொண்டுபோயிருந்தார்கள். ஜெனரேட்டர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. இது சின்ன விஷயமன்று. ஜெனரேட்டர் புகையோ நிற்கும் வண்டியின் புகையோ அந்தக் குழாய்க்குள் போனால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து சிலிண்டருக்குள் அடைபடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு ஆவதால், தரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவு அங்கே மூன்று பங்கு வலுவோடு உடலைத் தாக்கும். ஆணியில் தொங்கிய நோட்டுப்புத்தகத்தில் கம்ப்ரசர் ஓடிய மணிக்கணக்கும் ஃபில்டர் மாற்றிய தேதியும் கையால் எழுதப்பட்டிருந்தன. கடைசி வரி முந்தின நாள் தேதியில் இருந்தது. நான் கேட்காமலே ஒரு சிலிண்டரை எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையை வாய்ப்பகுதியில் பிடித்து வால்வை மெல்லத் திறந்து காட்டினார். கறை இல்லை, ஈரம் இல்லை. முகர்ந்து பார்த்தேன், வெறும் துணியின் வாசம். சிலிண்டரின் தோளில் நீரழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் குத்தப்பட்டிருந்தன. அந்தச் சோதனையை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முத்திரையைப் பார்க்காமல் யாரும் அதை முதுகில் மாட்ட மாட்டார்கள். படகில் அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரையும் நான் கேஜைப் பார்த்துத்தான் ஏறுகிறேன். பார்ப்பதற்கு அவர்கள் முகம் சுளித்ததில்லை.

என் மனைவியைக் கேட்டால் அவள் வேறொன்றைத்தான் முதலில் சொல்வாள். தாழ்ப்பாள் சரியாகப் பூட்டும் உடை மாற்றும் அறை, நல்ல தண்ணீர் வரும் குளியலறை, அவளுக்குச் சரியான அளவில் ஈரமில்லாத வெட்சூட் என்னும் மூழ்கு உடை, கூடவே இறங்கும் பெண் பயிற்சியாளர். இந்த நான்கும் இருந்ததால்தான் அவளும் அவள் அலுவலகத்துப் பெண்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மற்றக் கடைகளில் வேனின் பின்பக்கத்தில் துண்டைக் கட்டி மறைத்து உடை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கடலில் இறங்கும் துணிவு உள்ள பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வராமல் போவதற்குப் பயம் காரணமில்லை, அந்தத் துண்டுதான் காரணம் என்று என் மனைவி சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

பொருள் வாங்குவது பற்றியும் கேட்கிறார்கள். இணையத்தில் விலை குறைவாக இருக்கிறதே, கடையில் ஏன் வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. நான் முதலில் ஒரு முழுத் தொகுதி வாங்கும் எண்ணத்தில் போனேன். சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் இப்போது வேண்டாம் என்றார் கடைக்காரர். ஆண்டுக்கு ஐந்து முறை இறங்குகிறவருக்கு வாடகை போதும், வாங்கி வைத்துவிட்டு ஆண்டுதோறும் சர்வீஸ் செய்யாவிட்டால் அது இருப்பதைவிட இல்லாதது நல்லது, முதலில் உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்றை மட்டும் வாங்குங்கள் என்றார். பிறகு ஏழு மாஸ்க்குகளை எடுத்து வைத்தார். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிக் கையை எடுத்துவிட வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் அது நம் முகத்துக்கானது. என் மீசை அடர்த்தியாக இருந்ததால் ஆறு மாஸ்க்குகள் வழுக்கி விழுந்தன. ஏழாவது நின்றது, அந்த ஏழில் விலை குறைந்தது அதுதான். அதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். ஆற்காட்டில் நாங்கள் தலைமுறையாகப் போகும் பம்ப்செட் கடையும் இப்படித்தான். எங்கள் கிணற்றின் ஆழம் என்ன, போன கோடையில் நீர்மட்டம் எங்கே நின்றது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்பதெல்லாம் கடைக்காரருக்கு மனப்பாடம். நாம் பெரிய மோட்டார் கேட்டாலும் சின்னதுதான் போதும் என்று திருப்பி அனுப்புவார்.

கட்டணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: படகு, வாடகைப் பொருள், புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் என்ன என்று முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டும். கரை ஏறிய பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டக்கூடாது. நான் போகும் கடை அந்தப் பக்கத்தில் மலிவான கடையன்று. அங்கே புதிதாக இறங்கும் ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்ற கணக்கை அவர்கள் எந்தக் கூட்டத்திலும் மாற்றுவதில்லை. அதற்கு ஆகும் செலவை நாம்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர்களும் அந்தக் கடைக்காரர்கள்தான். இரண்டு முறை இறங்கி முடித்துக் குளித்துவிட்டுக் கிளம்பும்போது, நேரே வீட்டுக்குத்தானே போகிறீர்கள் என்று விசாரித்தார்கள். நாங்கள் அன்றிரவு ஏலகிரியில் தங்குவதாக இருந்தோம். உடனே வேண்டாம் என்றார்கள். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகும் அது முழுவதும் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழியாகிவிடும். அதனால்தான் ஒருமுறை இறங்கியவர் 12 மணி நேரமும், அடுத்தடுத்து இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பார்கள். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். விமானத்தைப் பற்றி நான் புத்தகத்தில் படித்திருந்தேன். நாங்கள் சாதாரணமாகக் காரில் ஏறிப்போகும் கொண்டை ஊசி வளைவுகளும் அதே கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றியதில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஏலகிரியும் ஜவ்வாது மலையும் பக்கம் என்பதைத் தெரிந்து வைத்திருந்து கேட்டார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அன்று வீட்டுக்கே திரும்பினோம்.

படகுக்காரரைச் சொல்லாமல் விட முடியாது. மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் அவர். வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார். இறங்கி ஏறிய பிறகு நாங்கள் கண்டதை விவரித்தால், பயிற்சியாளர் குரூப்பர் என்று சொன்ன மீனை அவர் களவா என்பார், பாரகுடாவை ஷீலா என்பார், மணலில் புதைந்து கிடந்தது என்ன திருக்கை என்று வாலின் நீளத்தைக் கேட்டுச் சொல்வார். என் டைவிங் நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவருக்கென்று ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி கொண்டுபோகிறேன்.

மாமாவைப் பற்றி விட்ட இடத்துக்கு வருகிறேன். அன்று வந்தவாசி தாண்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பையனை அன்றைக்கு இந்தம்மாவிடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இறங்க விட்டிருப்பார்களா என்பதுதான். சளி என்று தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்றேன். அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு என் அக்காவிடம் பேசியது அவர்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று, அவள் சரி என்று சொல்ல.

2024 பிப்ரவரியில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் இப்போது வேலையில் இருக்கிறான். முந்தின வாரமே தொலைபேசியில் பழைய காதுப் பிரச்சினையைச் சொல்லியிருந்தோம். காது மருத்துவரிடம் மறுபடி காட்டி எழுதி வாங்கி வந்தால்தான் இறக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அழைப்பு வந்தது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாருங்கள், தம்பிக்குச் சளி ஏதும் இல்லையே என்று கேட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடையில் அவன் மருத்துவரின் கடிதத்தை நீட்டினான். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை படித்தார், தேதியைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டச் சொன்னார். இரண்டு காதும் திறந்ததா என்று கேட்டார். திறந்தது அக்கா என்றான். கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய மாஸ்க்குகளைப் பார்த்து எழுந்தார்.